மாவட்டத்தின் குடும்ப வருமானம் உயர்ந்ததா? நடுவெண் கணக்கைப் படிக்கும் முறை

பேராக் மாநிலக் குடும்பங்களின் நடுவெண் மாத வருமானம் 2019-இல் 4,273 ரிங்கிட். 2022-இல் அது 4,494 ரிங்கிட். மூன்று ஆண்டுகளில் 221 ரிங்கிட் கூடியிருக்கிறது. ஆனால் அதே மூன்று ஆண்டுகளில் ஏறிய விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 20 ரிங்கிட்தான்.

இப்படிப்பட்ட எண்கள் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் வெளியாகின்றன. பி40 எல்லைக்கோடு, வறுமை விகிதம், உதவித்தொகைக்கான தகுதி, ஒரு வட்டாரத்துக்கான மேம்பாட்டு ஒதுக்கீடு ஆகியவை பேசப்படும்போதெல்லாம் இந்த எண்கள் எடுத்து வைக்கப்படுகின்றன. "இந்த மாவட்டம் முன்னேறிவிட்டது" என்று மேடையில் சொல்வதற்கும் இவையே ஆதாரம். தோட்டப்புறக் குடும்பங்கள் வாழும் மாவட்டங்களைப் பற்றிய பேச்சில் இவற்றைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருப்பது அவசியம். மாவட்டத்தின் எண் உயர்வதும் மாவட்டத்துக் குடும்பங்கள் உயர்வதும் ஒன்றல்ல.

நடுவெண் என்றால் என்ன?

மாணவர்கள் பள்ளிக் கணிதத்தில் படிக்கும் அதே நடுவெண்தான் இது. மலாயிலும் ஆங்கிலத்திலும் மீடியன் என்பர். எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே நடுவெண். பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே, பாதி அதற்கு மேலே.

ஒரு சிற்றூரில் 11 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாத வருமானம் ரிங்கிட்டில் இப்படி: 1,800, 2,000, 2,200, 2,400, 2,600, 3,000, 3,400, 3,800, 4,500, 6,000, 9,000. நடுவில் நிற்பது ஆறாவது வீடு. நடுவெண் 3,000. மொத்தத்தைக் கூட்டி 11 ஆல் வகுத்தால் சராசரி 3,700.

கடைசி வீட்டுக்காரரின் வியாபாரம் பெருகி அவர் வருமானம் 20,000 ஆனால் சராசரி 4,700 ஆக ஏறிவிடும். நடுவெண் அதே 3,000-இல் நிற்கும். சில பணக்காரர்களால் எண் ஊதிப்போகாமல் இருக்கத்தான் குடும்ப வருமானத்துக்கு நடுவெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். மலேசியா முழுவதற்கும் 2019-இல் நடுவெண் 5,873 ரிங்கிட்; சராசரி 7,901 ரிங்கிட். இரண்டுக்கும் இடையில் இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் இடைவெளி. செய்தியில் எண்ணைப் பார்த்தவுடன் அது நடுவெண்ணா, சராசரியா என்று கேட்பதே முதல் வேலை.

கணக்கு எங்கிருந்து வருகிறது?

மலேசியப் புள்ளிவிவரத் துறை 1970களின் முற்பகுதியிலிருந்து குடும்ப வருமான ஆய்வை நடத்தி வருகிறது. ஐந்து ஆண்டுகளில் இரண்டு முறை என்பது அதன் வழக்கம். 2014, 2016, 2019, 2022 ஆகியவை அண்மைக் கால ஆய்வு ஆண்டுகளில் சில.

நாட்டிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அதிகாரிகள் போவதில்லை. வட்டாரங்களிலிருந்து முறைப்படி சில வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அங்கு போய்க் கேட்கிறார்கள். ஒவ்வொரு வீட்டின் பதிலும் அதுபோன்ற பல வீடுகளுக்குப் பிரதிநிதியாகக் கொள்ளப்படுகிறது. கேட்கப்படாத வீட்டின் நிலைமையும் கேட்கப்பட்ட வீட்டின் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

வெளியாகும் கணக்கு மலேசியக் குடிமக்களின் குடும்பங்களைப் பற்றியது. இன்று செம்பனைத் தோட்டங்களில் பெரும்பகுதி வேலையைச் செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இதில் இல்லை. தங்கும் விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் இருப்பவர்களும் இல்லை. எனவே தோட்டங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தின் எண்ணை, அந்தத் தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களின் சம்பளக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதெல்லாம் வருமானம்?

சம்பளம் மட்டும் வருமானம் அல்ல. சொந்தத் தொழிலில் கிடைப்பது, வாடகை, வட்டி, ஓய்வூதியம், அரசு உதவித்தொகை, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பும் பணம் எல்லாம் சேரும். பொருளாகக் கிடைப்பதும் சேரும். முதலாளி கொடுக்கும் இலவச வீட்டுக்கும் ஒரு மதிப்பு போடப்படும். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டு அதுவும் வருமானமாகச் சேர்க்கப்படும்.

இதனால் ஏட்டில் இருக்கும் வருமானமும் கையில் புழங்கும் காசும் ஒன்றாக இருக்காது. சொந்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற தம்பதியின் கணக்கில் சில நூறு ரிங்கிட் வீட்டு மதிப்பாகவே இருக்கலாம். தோட்டத்து லயத்தில் இருந்த குடும்பம் பட்டணத்துக்குப் போய் வாடகை வீட்டில் குடியேறினால், சம்பளம் உயர்ந்தாலும் உயர்வில் ஒரு பங்கு வாடகைக்கே போய்விடும். வருமான எண் அந்த வாடகையைக் கழித்துக் காட்டுவதில்லை. வரி, ஊழியர் சேமநிதிப் பிடித்தம் ஆகியவற்றுக்கு முந்தைய மொத்த வருமானமே பொதுவாகப் பேசப்படும் எண்.

நாட்டுக்கு நாடு இந்த வரையறை மாறும். சிங்கப்பூரில் 2022-க்கு வெளியான குடும்ப நடுவெண் வருமானம் 10,099 சிங்கப்பூர் வெள்ளி. அது வேலை மூலம் வரும் வருமானம். முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிப் பங்கும் அதில் அடங்கும். வேலை செய்வோர் இருக்கும் குடும்பங்களையே அது கணக்கில் கொண்டது. ஜொகூர் பாருவில் இருப்பவர் அந்த எண்ணையும் மலேசிய எண்ணையும் நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி ஒப்பிட்டால், இரண்டு வேறு அளவுகோல்களை ஒட்டவைத்ததாகத்தான் ஆகும்.

ஒரு குடும்பத்தில் எத்தனை பேர்?

எண் குடும்பத்துக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, சமையலையும் செலவையும் பகிர்ந்துகொள்பவர்கள் ஒரு குடும்பம். 4,000 ரிங்கிட்டில் மூன்று பேர் வாழ்வதும் ஏழு பேர் வாழ்வதும் ஒன்றாகாது.

காலப்போக்கில் குடும்பம் சிறியதாகிறது. மலேசியாவில் சராசரிக் குடும்ப அளவு 2016-இல் 4.1 பேர், 2019-இல் 3.9 பேர். கூட்டுக் குடும்பமாக இருந்த ஒரு வீடு இரண்டாகப் பிரிந்தால், சம்பாதிப்பவர்களின் சம்பளம் மாறாமலே குடும்ப வருமானம் குறைந்ததாகக் கணக்கு காட்டும். பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, வயதானவர்கள் மட்டும் இருக்கும் கிராமப்புற மாவட்டத்தில் நடுவெண் தாழ்ந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். பிள்ளைகளின் சம்பளம் அவர்கள் குடியிருக்கும் ஊரின் கணக்கில் சேரும். அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் மட்டுமே பிறந்த மாவட்டத்தின் கணக்கில் வரும்.

சிறிய மாவட்டம், சில வீடுகள்

நாடு முழுவதற்குமான எண்ணைவிட மாவட்டத்தின் எண் உறுதி குறைந்தது. காரணம் எளிது: மாவட்டம் சிறியதாக இருந்தால் அங்கே கேட்கப்படும் வீடுகளும் குறைவு.

100 வீடுகளைக் கேட்டு வரிசைப்படுத்தினால், உண்மையான நடுவெண் 40ஆவது வீட்டின் வருமானத்துக்கும் 61ஆவது வீட்டின் வருமானத்துக்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சரியாக இருக்க வேண்டுமானால் அவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது புள்ளியியல் விதி. 400 வீடுகளைக் கேட்டால் அந்த இடைவெளி 180ஆவது வீட்டுக்கும் 221ஆவது வீட்டுக்கும் இடையில் சுருங்கும். 100-இல் 21 இடம் விலகியிருந்தது, 400-இல் 41 இடமாக, அதாவது விகிதத்தில் பாதியாகிவிடுகிறது. துல்லியத்தை இரட்டிப்பாக்க வீடுகளை நான்கு மடங்காக்க வேண்டும். அதற்குச் செலவும் ஆளும் வேண்டும்.

ஆகவே ஒரு சிறிய மாவட்டத்தில் நடுவெண் 3,600-இலிருந்து 3,750 ஆனது என்றால், அந்த 150 ரிங்கிட் உண்மையான உயர்வாகவும் இருக்கலாம், இந்த முறை வேறு வீடுகள் தேர்வானதன் விளைவாகவும் இருக்கலாம். ஓர் ஆய்வை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு ஆய்வுகளைத் தொடர்ந்து பார்த்தால்தான் போக்கு தெரியும்.

அமெரிக்கா இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழிகளைக் கையாள்கிறது. அங்கு மாவட்டம் போன்ற பிரிவு கவுண்டி. மக்கள்தொகை 65,000-க்குக் குறைந்த கவுண்டிகளுக்கு, ஆண்டுதோறும் நடக்கும் சமூக ஆய்வு ஓர் ஆண்டு எண்ணை வெளியிடுவதில்லை; ஐந்து ஆண்டுப் பதில்களை ஒன்றுசேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது. அப்படிப்பட்ட எண்களை ஒப்பிடும்போது ஆண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று விழக் கூடாது. 2010 முதல் 2014 வரையிலான எண்ணை 2015 முதல் 2019 வரையிலான எண்ணோடு ஒப்பிடலாம். 2011 முதல் 2015 வரையிலான எண்ணோடு ஒப்பிட்டால், நான்கு ஆண்டுப் பதில்கள் இரண்டிலும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது வழி, ஆய்வில் கிடைத்த பதிலோடு வருமான வரிப் பதிவுகள், உணவு உதவி பெறுவோர் எண்ணிக்கை போன்ற அரசுப் பதிவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பீடு செய்வது. கேட்கப்பட்ட வீடுகள் அதிகமாக இருக்கும் கவுண்டியில் ஆய்வின் பதிலுக்கு எடை கூடும். குறைவாக இருக்கும் இடத்தில் பதிவுகளைக் கொண்ட கணிப்புக்கு எடை கூடும். பதிவில் வராத வருமானம் இந்த முறையிலும் சரிவரத் தெரியாது. நாள்கூலி, சில்லறை வியாபாரம், வீட்டுத் தையல் போன்றவை எந்த நாட்டிலும் பதிவேட்டில் குறைவாகத்தான் தெரியும்.

பட்டியலிலிருந்து மதிப்பிடுவது

சில சமயம் நடுவெண் நேரடியாகக் கிடைக்காது. எத்தனை குடும்பங்கள் எந்த வருமானப் பிரிவில் இருக்கின்றன என்ற பட்டியல்தான் கிடைக்கும். அதிலிருந்தும் நடுவெண்ணை மதிப்பிடலாம்.

ஒரு வட்டாரத்தில் 400 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். 2,000 ரிங்கிட்டுக்குக் கீழ் 60 குடும்பங்கள். 2,000 முதல் 2,999 வரை 90. 3,000 முதல் 3,999 வரை 100. 4,000 முதல் 4,999 வரை 70. 5,000-க்கு மேல் 80. நடு இடம் 200. முதல் இரண்டு பிரிவுகளில் 150 குடும்பங்கள் முடிந்துவிட்டன. இன்னும் 50 வேண்டும். மூன்றாம் பிரிவில் 100 குடும்பங்கள் இருப்பதால் அதில் பாதித் தூரம் போனால் போதும். 3,000-க்கும் 4,000-க்கும் நடுவே, அதாவது சுமார் 3,500 ரிங்கிட்.

பிரிவுக்குள் குடும்பங்கள் சமமாகப் பரவியிருக்கின்றன என்ற அனுமானத்தில் செய்யப்படும் கணக்கு இது. தோட்டச் சங்கமோ ஆலய நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ தங்கள் வட்டாரக் குடும்பங்களைப் பற்றி ஒரு கணக்கெடுக்க நினைத்தால் இந்த முறை உதவும். சரியான தொகையைச் சொல்லத் தயங்குபவர்கள்கூட எந்தப் பிரிவில் வருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவார்கள்.

விலைவாசியைக் கழிக்காத எண்

பழைய எண்ணை இன்றைய விலைக்கு மாற்றாமல் புதிய எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அதற்கு உதவுவது பயனீட்டாளர் விலைக் குறியீடு. 2010ஆம் ஆண்டை 100 எனக் கொண்டால் மலேசியாவின் குறியீடு 2016-இல் 115.2, 2019-இல் 121.5, 2022-இல் 127.2.

முறை இதுதான்: பழைய வருமானத்தைப் புதிய குறியீட்டால் பெருக்கி, பழைய குறியீட்டால் வகுக்க வேண்டும். பேராக்கின் 4,273 ரிங்கிட்டை 127.2 ஆல் பெருக்கி 121.5 ஆல் வகுத்தால் சுமார் 4,473. அதாவது 2019-இல் வாழ்ந்தபடியே 2022-இல் வாழ 4,473 ரிங்கிட் தேவை. கிடைத்தது 4,494. முதலில் சொன்ன 20 ரிங்கிட் இப்படித்தான் வருகிறது.

கெடாவில் நிலைமை வேறு. அங்கு நடுவெண் 4,325-இலிருந்து 4,402 ஆனது. எண் 77 ரிங்கிட் கூடியிருக்கிறது. விலைவாசிக்கு ஈடுகொடுக்க 4,528 வேண்டும். ஆக, நடுவில் நிற்கும் குடும்பம் உண்மையில் மாதம் 126 ரிங்கிட் பின்தங்கியிருக்கிறது. அந்த மூன்று ஆண்டுகளுக்கு நடுவில் கொவிட் நோய்த்தொற்று வந்தது. நாட்டின் நடுவெண் 2020-இல் 5,209 ரிங்கிட்டுக்கு இறங்கியதாக மதிப்பிடப்பட்டு, 2022-இல் 6,338 ரிங்கிட்டானது. இரண்டு ஆய்வுகளுக்கு நடுவே குடும்பங்கள் விழுந்து எழுந்ததை இரண்டு முனை எண்கள் மட்டும் காட்டாது.

இங்கே பயன்படுத்தியது நாடு முழுவதற்குமான குறியீடு. எளிய குடும்பத்தின் செலவில் உணவுக்குப் பெரும் பங்கு போகிறது. 2022-இல் பொது விலைவாசி 3.3 விழுக்காடு ஏறியபோது உணவு விலை 5.8 விழுக்காடு ஏறியது. வருமானம் குறைந்த வீட்டுக்கு விலையேற்றம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

எல்லை மாறிய மாவட்டங்கள்

மாவட்டத்தின் பெயர் அதேதான்; ஆனால் நிலப்பரப்பு அதேதானா? பேராக்கில் 2016-இல் பத்தாங் பாடாங் மாவட்டத்திலிருந்து முஅல்லிம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் வட்டாரங்கள் அதற்குப் போயின. 2017-இல் ஹிலிர் பேராக்கிலிருந்து பாகான் டத்தோ பிரிந்தது. தெலுக் இந்தான் நகரம் ஹிலிர் பேராக்கில் நின்றது. கடலோரக் கிராமங்களும் தென்னை, செம்பனைத் தோட்டங்களும் நிறைந்த பகுதி பாகான் டத்தோவுக்குப் போனது.

இனி 2014-இன் ஹிலிர் பேராக் எண்ணையும் 2019-இன் ஹிலிர் பேராக் எண்ணையும் அருகருகே வைத்து, இவ்வளவு உயர்ந்தது என்று சொல்ல முடியாது. முன்னதில் பாகான் டத்தோ வீடுகளும் உண்டு, பின்னதில் இல்லை.

இரண்டு மாவட்ட நடுவெண்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும் என்று தோன்றலாம். போதாது. ஒரு பக்கம் மூன்று வீடுகள்: 2,000, 2,200, 5,000. நடுவெண் 2,200. மறுபக்கம் ஐந்து வீடுகள்: 2,800, 3,000, 3,600, 4,000, 7,000. நடுவெண் 3,600. இரண்டையும் சராசரி பார்த்தால் 2,900. வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை கொடுத்தால் 3,075. எட்டு வீடுகளையும் ஒன்றாக வரிசைப்படுத்தினால் வரும் உண்மையான நடுவெண்ணோ 3,300. நடுவெண்களைக் கூட்ட முடியாது. குடும்பங்களைத்தான் மறுபடி வரிசையில் நிறுத்த வேண்டும். அதற்கு மூலப் பதிவோ, மேலே சொன்ன வருமானப் பிரிவுப் பட்டியலோ வேண்டும்.

ஊர் நகரமாகும்போது

நாடு முழுவதும் கிராமப்புறக் குடும்பங்களின் நடுவெண் வருமானம் 2016-இல் 3,471 ரிங்கிட், 2019-இல் 3,828 ரிங்கிட். நகர்ப்புறத்தில் அதே ஆண்டுகளில் 5,860, 6,561. விலைவாசியைச் சரிசெய்தால் கிராமப்புற உயர்வு 357 அல்ல, சுமார் 167 ரிங்கிட்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மலேசியாவில் அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதியும் அதை ஒட்டிய குடியிருப்புகளும் சேர்ந்து 10,000 பேரைத் தாண்டினால், பெரும்பாலோர் விவசாயம் அல்லாத வேலையில் இருந்தால், அது நகர்ப்புறமாகக் கருதப்படும். வளரும் கிராமம் ஒரு கட்டத்தில் நகர்ப்புறக் கணக்குக்குத் தாவிவிடும். நன்றாக வளர்ந்த ஊர்கள் வெளியேறிக்கொண்டே இருப்பதால், கிராமப்புறம் என்ற பெயரில் எஞ்சுவது வளராத ஊர்கள்தான். கிராமத்தின் எண் மெதுவாக ஏறுவதில் இதற்கும் பங்கு உண்டு.

யார் போனார்கள், யார் இருக்கிறார்கள்?

தோட்டப்புற மக்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. தொடக்கத்தில் பார்த்த 11 வீடுகளுக்குத் திரும்புவோம். நடுவெண் 3,000. அருகிலிருந்த தோட்டம் வீட்டுமனைத் திட்டத்துக்கு விற்கப்பட்டு, வருமானம் குறைந்த முதல் நான்கு வீட்டாரும் வேறு மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டார்கள். எஞ்சிய ஏழு வீடுகள்: 2,600, 3,000, 3,400, 3,800, 4,500, 6,000, 9,000. இப்போது நடுவெண் 3,800.

ஒருவருக்கும் ஒரு காசு கூடவில்லை. மாவட்டத்தின் எண் மட்டும் 800 ரிங்கிட் ஏறிவிட்டது. போன நான்கு குடும்பங்களும் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடியில் குடியேறியிருந்தால், அந்த இடத்தின் எண்ணை அவர்கள் சற்றே கீழே இழுத்திருப்பார்கள். நகரத்தின் பெருங்கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. புறப்பட்ட இடம் முன்னேறிவிட்டது என்று ஏடு சொல்லும். போய்ச் சேர்ந்த இடம் ஏற்கெனவே வளமானது என்று ஏடு சொல்லும். அந்த நான்கு குடும்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த ஏடும் சொல்லாது.

மலேசியத் தமிழர் வரலாற்றில் இது வெறும் கணக்குப் பாடம் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாற்றப்பட்டும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயங்களை விட்டுப் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. ஒவ்வோர் ஆய்வும் அந்தந்த ஆண்டில் அங்கே இருப்பவர்களைப் படம் பிடிக்கிறது. அதே குடும்பத்தை ஆண்டுக்கு ஆண்டு பின்தொடர்வதில்லை. அப்படிப் பின்தொடரும் ஆய்வு மட்டுமே குடும்பம் உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதை நேராகச் சொல்ல முடியும்.

அளவுகோல் மாறினால்

வறுமைக்கோடு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2016-இல் மலேசியாவின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்று சொல்லப்பட்டது. அப்போதைய வறுமைக்கோடு மாதம் 980 ரிங்கிட். பின்னர் கணக்கிடும் முறை மாற்றப்பட்டு, 2019-க்குக் கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது, விகிதம் 5.6 விழுக்காடு என வெளியானது. வறுமை பெருகிவிட்டதா? இல்லை. புதிய முறையில் கணக்கிட்டால் 2016-இன் விகிதமே 7.6 விழுக்காடு. வறுமை குறைந்துதான் இருந்தது. அதற்கு முன் ஏழைகளாக எண்ணப்படாதவர்கள் இப்போது எண்ணப்பட்டார்கள்.

நடுவெண் காட்டாத கீழ்ப்பாதி

நடுவெண்ணுக்கு ஒரு குறை உண்டு. நடுவுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது.

குறைந்தபட்சச் சம்பளம் 2019-இல் 1,100 ரிங்கிட். கணவன் மனைவி இருவரும் அந்தச் சம்பளத்தில் தோட்ட வேலை செய்தால் 2,200 ரிங்கிட். அந்த ஆண்டின் வறுமைக்கோட்டு எண்ணான 2,208-க்கு எட்டு ரிங்கிட் குறைவு. பேராக் நடுவெண்ணில் ஏறக்குறைய பாதி. 2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. இருவருக்கும் 3,000. அந்த ஆண்டின் வறுமைக்கோடு 2,589. பேராக் நடுவெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு. மாநிலத்தின் நடுவெண் விலைவாசி போக வெறும் 20 ரிங்கிட் நகர்ந்த அதே காலத்தில், சட்டப்படி சம்பளம் கிடைத்த இந்தக் குடும்பத்துக்கு 800 ரிங்கிட் கூடியிருக்கிறது. வறுமைக்கோடு குடும்ப அளவுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும் என்பதால் இது தோராய ஒப்பீடுதான். ஆனாலும் கீழே நடந்த மாற்றம் நடுவெண்ணில் தெரியவில்லை என்பது உறுதி.

இன்னொரு கணக்கும் உண்டு. 2019-இல் மாத வருமானம் 4,850 ரிங்கிட்டுக்குக் கீழே இருந்தால் பி40. பேராக்கின் நடுவெண் 4,273. நடுவில் நிற்கும் குடும்பமே பி40-இல் இருக்கிறது என்றால், பேராக்கில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் பி40 என்று பொருள். 2022-இல் எல்லை 5,250, நடுவெண் 4,494. நிலைமை மாறவில்லை. நாட்டில் 40 விழுக்காட்டினருக்கான பெயர், சில மாநிலங்களில் பெரும்பான்மையின் பெயராக இருக்கிறது.

இனத்தை வைத்துப் பார்க்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். 2019-இல் இந்தியக் குடும்பங்களின் நடுவெண் 5,981 ரிங்கிட். நாட்டின் நடுவெண்ணைவிடச் சற்று அதிகம். ஆனால் இந்தியர்களில் பெரும்பாலோர் நகர்ப்புறத்தில் வாழ்கிறார்கள். கோலாலம்பூரில் இருவர் சம்பாதிக்கும் வீட்டையும் உட்புறத் தோட்டத்தில் ஒருவர் சம்பாதிக்கும் வீட்டையும் சேர்த்த எண் அது. உட்புறத் தோட்டத்து வீட்டின் நிலையை அந்த எண்ணிலிருந்து ஊகிக்க முடியாது.

எண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை

மாவட்ட வருமானம் உயர்ந்தது என்ற செய்தி வந்தால் ஆறு கேள்விகள் போதும். அது நடுவெண்ணா, சராசரியா? விலைவாசி கழிக்கப்பட்டதா? இரண்டு ஆண்டுகளிலும் மாவட்டத்தின் எல்லை ஒன்றா? வருமானத்தின் வரையறை ஒன்றா? குடும்பத்தின் அளவு மாறியதா? அந்த இடைவெளியில் யார் வந்தார்கள், யார் போனார்கள்?

இந்தக் கணக்கில் மக்களுக்கும் பங்கு இருக்கிறது. புள்ளிவிவரத் துறையின் அதிகாரி அடையாள அட்டையோடு வீட்டுக்கு வந்தால், தயங்காமல் உள்ளதைச் சொல்வது நல்லது. 1965ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சட்டம் தனிநபர் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கக் கட்டளையிடுகிறது. கௌரவத்துக்காகக் கூட்டிச் சொன்னாலும், உதவி போய்விடுமோ என்று குறைத்துச் சொன்னாலும், அது ஒரு வீட்டோடு நிற்காது. அந்த ஒரு வீடு எத்தனையோ வீடுகளுக்காகப் பேசுகிறது. கதவு திறக்காத லயம் கணக்கில் இடம்பெறாது. கணக்கில் இல்லாதவர்களுக்கு ஒதுக்கீடு கேட்பதும் கடினம்.